இன்னைக்கு எடுத்த பழைய படம்

இல்ல இல்ல, அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி வாங்க. அந்த டப்பாவ கீழ தள்ளிட்டு உக்காருங்க. பரவால்ல, தள்ளுங்க, உடையற சாமான் எதுவும் இல்ல, எல்லாம் துணித் தொப்பி. எண்ணூறு தொப்பி. ஏதோ ஒரு தினத்துக்குன்னு அடிச்சாங்க, தேதிய தப்பா அச்சடிச்சுட்டாங்க, அதுலருந்து என் மேஜைக்கடியில குடித்தனம் நடத்துது. ஆமா, தம்பின்னு கூப்பிடலாம்ல? சார்னு ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்தேன், வாய்ல ஒட்டல. என் சின்னவன விட நாலு வயசு கூட இருப்பீங்க, அவ்வளவுதான்.

நம்ம பாஷையிலயே பேசலாம்னு சொன்னீங்க பாருங்க, வயித்துல பால வார்த்தீங்க. போன வாரம் ரெண்டு பேரு வந்து இங்கிலீஷ்ல கேட்டுட்டுப் போனாங்க. நானும் இங்கிலீஷ்லயே பதில் சொன்னேன். அதுல பேசினா நான் ரொம்ப நல்லவளா தெரியறேன் தம்பி. எதுக்கும் ஒரு வழவழன்னு வார்த்தை வெச்சிருக்காங்க.

கேள்வி எனக்குத் தெரியும், நீங்க அந்த ஃபைல பிரிக்கவே வேணாம். குடிதண்ணித் தொட்டியோட வால்வ மூடினது யாரு. அதானே? மூணு நாள் ஊருக்கே தண்ணி இல்ல. ஜனங்க பழைய குட்டையில மொண்டு குடிச்சாங்க. முப்பத்திநாலு பேரு ஆஸ்பத்திரியில. வால்வு இருக்கற குழிக்கு இரும்பு மூடி, மூடிக்குப் பூட்டு, பூட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு குழாய்க்காரர் இடுப்புல. இன்னொண்ணு இந்த ஆபீஸ் அலமாரியில, மாட்டின கொக்கியிலயே தொங்குது. அப்ப குழாய்க்காரர்தான் மூடியிருக்கணும். அவர வேலைய விட்டு நிறுத்தியாச்சு, நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அறிக்கைய அனுப்பிடணும். சரியா சொல்லிட்டேனா? பத்து மாசமா மத்தவங்க நாலு பக்கத்துக்கு எழுதறத நாலு வரியாக்கறதுதான் என் பொழப்பு, அந்தப் பழக்கம்.

என் பதவியா? அதையும் எழுதணுமா? எழுதிக்கோங்க. தன்னார்வலர், தகவல் தொடர்பு மற்றும் கூட்டாண்மைப் பிரிவு. கார்டுல ரெண்டு வரி எடுத்துச்சு. எங்க வீட்டுக்காரர் போன்ல கேட்டாரு, அப்படின்னா என்ன வேலைன்னு. படம் புடிக்கணும், வர்றவங்களப் பாத்துப் பல்லக் காட்டணும்னேன். இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போனே, ரெண்டையும் இங்க நம்ம சொந்தக்காரங்க கல்யாணத்துலயே பண்ணலாமேன்னாரு. முப்பத்திரெண்டு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல குப்பை கொட்டினவ நான். ரிட்டயர் ஆன மறுநாள்லருந்து வீட்ல எனக்கு ஒரே பேரு, அம்மா சும்மாதானே இருக்காங்க. கேஸ் வந்தா அம்மா சும்மாதானே இருக்காங்க. பேரனுக்கு ஊசி போடணுமா, அம்மா சும்மாதானே இருக்காங்க. அந்த வார்த்தைய ஆயிரம் தடவ கேட்டப்புறம்தான் விண்ணப்பம் போட்டேன். மனிதாபிமானம்லாம் அப்புறம் வந்துச்சு.

சிரிங்க, சிரிங்க. இந்த ரூம்ல சிரிக்கலாம்.

தொட்டிய நேத்துப் போய்ப் பாத்தீங்கல்ல? என்ன நிறம் சொல்லுங்க பாப்போம். தெரியாதுல்ல? எப்படித் தெரியும், தொட்டி தெரிஞ்சாத்தானே நிறம் தெரியும். சோப்புக் கம்பெனி லோகோ ஒண்ணு, அவங்களோட அறக்கட்டளைக்குத் தனியா ஒண்ணு, நம்ம ஏஜென்சி, பெயிண்ட் குடுத்த புண்ணியவான், அப்புறம் எதுக்குன்னே தெரியாம ஒரு பல்கலைக்கழகம். எதுக்கு மேல எது, எது எத்தன விரல் அகலம்னு முடிவு பண்ண பதினோரு வாரம் ஆச்சு. தொட்டி கட்ட ஒம்போதே வாரம். அப்ப ரெண்டு வாரம் தண்ணி ரொம்பி நின்னுச்சு, லோகோ வரலன்னு குழாயத் திறக்கல. கிண்டல் பண்றேன்னு நெனைக்காதீங்க, திறக்க வேணாம்னு போன மெயில் அத்தனையும் நான் அடிச்சதுதான்.

மேனேஜரப் பாத்தீங்களா? வாசல்லயே புடிச்சிருப்பாரே. நான் அவருக்கு வெச்ச பேரு கைகுலுக்கி. ரெண்டு கையாலயும் புடிச்சுக் குலுக்குவாரு, குலுக்கும்போதே மூஞ்சி மட்டும் கேமரா இருக்கற பக்கம் திரும்பிடும். கேமரா இல்லாத எடத்துல அவரு யாருக்கும் கை குடுத்து நான் பாத்ததில்ல. உங்களுக்குக் குடுத்தாரா? அப்ப எங்கயோ கேமரா இருந்திருக்கு.

மாசம் ரெண்டு வெற்றிக் கதை எழுதணும் தம்பி. அதுக்கு ஒரு அச்சு இருக்கு. மொதல்ல கஷ்டம், அப்புறம் நாம வந்தோம், அப்புறம் சிரிப்பு. கடைசியில அவங்க வாயாலயே சொன்ன மாதிரி ஒரு வரி, என் வாழ்க்கையே மாறிப்போச்சு. பத்து மாசத்துல இருபது பேரோட வாழ்க்கை அட்சரம் பிசகாம அதே வார்த்தையில மாறியிருக்கு. ஆடு மேய்க்கறவர் ஒருத்தரு, டிரைவர் மொழிபெயர்த்துக் கேட்டப்ப, குழாய் ரொம்ப தூரத்துல வெச்சுட்டீங்க, நடந்து நடந்து கால் போச்சுன்னாரு. நான் என்ன எழுதினேன் தெரியுமா? தினமும் நடப்பதால் ஆரோக்கியமாக உணர்கிறேன். அதுக்குப் பாராட்டு வந்துச்சு.

படம் எடுக்கறதுக்கு தனியா ஒரு கையேடு. நாப்பத்திரெண்டு பக்கம், முழுக்கக் கண்ணியம். கஷ்டம் தெரியணும், பரிதாபம் தெரியக்கூடாது. குழந்தைய எடுத்தா குழந்தை ஒசரத்துக்குக் குனிஞ்சு எடுக்கணும். என் முட்டி இருக்கற லட்சணத்துக்கு, குனிஞ்சா தூக்கி விட ரெண்டு ஆள் வேணும். கண்ணியம் அவங்களுக்கு, மூட்டு வலி எனக்கு.

ஆனா எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அத மறைக்க மாட்டேன். காலையில எந்திரிச்சு கழுத்துல அட்டைய மாட்டிக்கிட்டுப் படியிறங்கும்போது, அடேங்கப்பா, நமக்கும் ஒரு வேலை இருக்குன்னு நெஞ்சு நிமிரும் பாருங்க. அது பொய்யில்ல.

சரி, அந்தச் செவ்வாக்கிழமைக்கு வரேன். வராம எங்க போறது.

திங்கக்கிழமை ஒரு மெயில் வந்துச்சு. உங்க தலைமை ஆபீஸ்லருந்துதான், உங்க ரூமுக்குப் பக்கத்து ரூமாகூட இருக்கும். சோப்புக் கம்பெனியோட ஆண்டுக் கூட்டமாம், வெள்ளிக்கிழமை. மேடையில போட்டுக் காட்ட ரெண்டு படம் வேணும். குழாய் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு, வந்ததுக்கப்புறம் ஒண்ணு. வந்ததுக்கப்புறம் எடுத்தது எங்ககிட்ட முன்னூத்திப் பன்னெண்டு படம் இருக்கு. முன்னாடி எடுத்தது? ஒண்ணு இல்ல. எனக்கு முன்னால இங்க இருந்த பொண்ணு அந்த ஊருக்கே போனதில்ல, நானும் ரிப்பன் வெட்டற அன்னைக்குத்தான் மொத மொதல்ல போனேன். நான் போய் கைகுலுக்கிகிட்ட நின்னேன். பழைய படம் ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்கன்னாரு. இன்னைக்குப் போய் எப்படிங்க பழைய படம் எடுக்கறதுன்னு கேட்டேன். இன்னைக்கு வேணாம், நாளைக்குப் போய் எடுங்கன்னாரு.

சத்தியமா. இதே வார்த்தை.

போனோம். நானும் டிரைவரும். டிரைவர் உள்ளூர்க்காரர், எனக்கும் ஊருக்கும் நடுவுல வாய் அவர்தான். எட்டுப் பொம்பளைங்கள வரச் சொல்லியிருந்தோம். தலைய வாரி, மூஞ்சியக் கழுவி, இருக்கறதுலயே நல்ல துணிய உடுத்திக்கிட்டு வந்து நின்னாங்க. ஐயோ, பழசு உடுத்திட்டு வாங்கன்னேன். ஒருத்தி கேட்டா, போன தடவ நல்லது உடுத்தச் சொன்னீங்க, இந்தத் தடவ பழசு உடுத்தச் சொல்றீங்க, நடுவுல உங்க ஊர்ல சட்டம் ஏதாவது மாறிடுச்சான்னு. அவ பேரு வாய்ல நுழையல, நான் சிரிப்புக்காரின்னு வெச்சுக்கிட்டேன். எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. பழைய குடம் எடுத்துட்டு வாங்கன்னா, குடத்துல செடி வெச்சுட்டேனேன்னு செடியோட தூக்கிக்கிட்டு வந்தா.

குட்டைக்கரையில ஒரு போர்டு இருந்துச்சு. இந்தத் தண்ணிய குடிக்காதீங்கன்னு, கீழ அஞ்சு லோகோவோட. பழைய காலத்துல லோகோ ஏது? புடுங்கி ஓரமா வெச்சோம். வரிசையா நிக்க வெச்சோம். மூஞ்சிய சோகமா வெச்சுக்கோங்கன்னு டிரைவர் சொல்றாரு, இவங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. மாமியார நெனச்சுக்கோடின்னு ஒருத்தி இன்னொருத்திக்கு சொல்லித் தர்றா, அந்த மாமியாரும் அதே வரிசையில குடத்தோட நிக்கறா. நாப்பது படம் எடுத்தேன். நாப்பதுலயும் கல்யாண வீடு மாதிரி இருக்கு.

அதாவது பரவால்ல. பின்னாடி என்ன இருக்குன்னு பாத்தா, நூறடி தள்ளி தொட்டி. அது கீழ குழாயடி. தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, இருபது பேரு கேனோட வரிசையில நிக்கறாங்க, புள்ளைங்க நனைஞ்சுக்கிட்டு ஆட்டம் போடுது. முன்னாடி எட்டுப் பேரு குட்டையில சேத்துத் தண்ணி மொள்றாங்க. பாக்கறவங்க இவங்களுக்கு என்ன கிறுக்கான்னு கேப்பாங்களா மாட்டாங்களா? ஒரு படத்த கைகுலுக்கிக்கு அனுப்பினேன். உடனே போன். தொட்டியக் கூட கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்மா, அத்தன ஆளையும் அழிக்க முடியாது, ஏதாவது பண்ணுங்க, மதியம் சோப்புக் கம்பெனிக்காரங்க ஓட்டலுக்கு வர்றாங்க, படத்தோட வாங்கன்னாரு.

அப்புறம் என்ன, கூட்டம் கலைஞ்சுது, எடுத்தேன். அதுதான் நீங்க பாத்த படம். வருஷ மலர் அட்டையில போட்டிருக்காங்களே, அது.

எப்படிக் கலைஞ்சுதா? இருங்க, வரேன்.

நல்லா வந்துச்சு தம்பி, அத சொல்லியே ஆகணும். எட்டுப் பேரு பதினஞ்சு பேரானாங்க. நான் கூப்பிடாதவங்கள்லாம் கேனத் தூக்கிக்கிட்டு குட்டைக்கு எறங்கினாங்க. ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பில்ல. சிரிப்புக்காரி குடத்துல தண்ணிய மொண்டுட்டு, திரும்பித் தொட்டியப் பாத்தா பாருங்க, அந்தப் பார்வைய சொல்லிக் குடுத்து வாங்க முடியாது. உங்க ஆபீஸ்லருந்து எழுதியிருந்தாங்க, உண்மையான உணர்ச்சின்னு. எடுத்து முடிச்சதும் போர்ட ஞாபகமா திருப்பி நட்டுட்டுத்தான் கெளம்பினோம். அதுல லோகோ இருக்குல்ல.

வெள்ளிக்கிழமை மதியம் குழாய்க்காரர் ஊருக்குத் திரும்பினாரு. அவரு சம்சாரத்துக்கு டவுன்ல கண் ஆபரேஷன், திங்கக்கிழமை சாயங்காலமே கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. டிரைவர்கிட்ட வாய்வார்த்தையா சொல்லிட்டுப் போனதால, செவ்வாக்கிழமை மூடிட்டு சொல்லாமப் போனாருன்னு ஃபைல்ல ஏறிடுச்சு. வந்தவரு நேரா குழியத் திறந்தாரு, வால்வு மூடியிருக்கு, திறந்துவிட்டாரு. அவரு வாக்குமூலத்தப் படிச்சீங்கல்ல? ஒரே வரி. நான் திறந்து வெச்சுட்டுத்தான் போனேன். நாலு விதமா கேட்டிருக்காங்க, நாலு தடவையும் அதே வரி. திமிரு புடிச்ச ஆளுன்னு ஓரத்துல யாரோ குறிப்பு எழுதியிருக்காங்க. அந்த ஆளு திமிரு காட்டி நான் பாத்ததே இல்ல. குழிய திறக்கறதுக்கு முன்னாடி தொப்பியக் கழட்டி ஓரமா வெப்பாரு, தண்ணி மேல அவ்வளவு மரியாதை அவருக்கு. வேலைய விட்டு நிறுத்தின அன்னைக்கு இந்த வாசல்ல வந்து நின்னாரு. என்னப் பாத்தாரு. தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆமா. ரெண்டு தடவ. நெறைய பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க, நாலு பேருதான் இன்னும் இருக்காங்க. சிரிப்புக்காரி இருக்கா. மூத்திரமே சரியாப் போகலயாம், கிட்னி என்னவோ ஆயிடுச்சுங்கறாங்க, வீங்கிப் போய்க் கெடக்கறா. மொத தடவ போனப்ப, என்னப் பாத்ததும் டிரைவர்கிட்ட என்னவோ கேட்டா. படம் நல்லா வந்துச்சான்னு கேக்கறாளாம். போன்ல காட்டினேன். வாங்கி வாங்கி வார்டே பாத்துச்சு. அவங்கவங்க மூஞ்சியப் பாத்து, ஐயே இவ மூஞ்சியப் பாரு, அவ மூஞ்சியப் பாருன்னு, டிரிப்ஸ் ஏறுற கையோட சிரிக்கறாங்க. நர்ஸ் வந்து சத்தம் போட்டா. நான் வெராண்டாவுக்கு வந்து சொவத்தப் பாத்து நின்னு அழுதேன் தம்பி. கையேட்டுல அதுக்கு ஒண்ணும் போடல.

தண்ணியா? இருக்கு, அந்த பாட்டில எடுத்துக்கோங்க. குடிங்க. பாட்டில்லயும் லோகோதான்.

மறுபடி கேக்க வேணாம், சொல்லிடறேன். நான்தான் மூடினேன். ஆபீஸ் சாவிதான். வர்றவங்களுக்கு வால்வுக் குழிய திறந்து காட்டினா பிடிக்குதுன்னு, அந்த ஊருக்குப் போனாலே சாவிய பையில போட்டுக்கறது பழக்கமாயிடுச்சு. டிரைவர் பொம்பளைங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு, அவருக்குத் தெரியாது. குழி தொட்டிக்குப் பின்னாடி, குழாயடியில நின்னவங்களுக்கும் தெரியாது. பத்து நிமிஷம் மூடினா கூட்டம் கலைஞ்சிடும், எடுத்துட்டுத் திறந்துடலாம்னு போனேன். இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு அந்தச் சக்கரத்த திருப்ப முடியுமான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஒரு கையிலயே திரும்பிடுச்சு. அவ்வளவு எண்ணெய் போட்டு வெச்சிருக்காரு மனுஷன். மூடியப் போட்டுப் பூட்டிட்டு வந்து படத்த எடுத்தேன். சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து சாவிய அதே கொக்கியில மாட்டினேன்.

இருங்க, இருங்க. என்ன எழுதறீங்க? காட்டுங்க. மறந்துட்டாங்கன்னா? நல்ல புள்ள நீங்க. உங்கம்மா குடுத்து வெச்சவங்க. அத அடிச்சுடுங்க.

மறக்கல. வேன் மெயின் ரோட்டுல ஏறும்போதே ஞாபகம் வந்துடுச்சு. திரும்பிப் போனா இருபது நிமிஷம். அதுக்குள்ள கைகுலுக்கி ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. சரி, தலைய காட்டிட்டு வந்துடுவோம்னு போனேன். ஓட்டல்ல சோப்புக் கம்பெனி அம்மா, பெரிய பதவியில இருக்கறவங்க, படத்தப் பாத்துட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. உங்கள மாதிரி ஒருத்தர் எங்ககிட்ட இல்லையேன்னாங்க. மேஜையில பதினாலு பேரு, அத்தன பேரும் என்னப் பாக்கறாங்க. என் அறுபது வயசுல என்ன யாரும் அப்படிப் பாத்ததில்ல தம்பி. அந்த நேரத்துல எந்திரிச்சு, ஒரு ஊரோட தண்ணிய நிறுத்திட்டு வந்திருக்கேன், போய்த் திறந்துட்டு வந்துடறேன்னு எந்த வாயால சொல்றது? சூப் வந்துச்சு. உக்காந்துட்டேன்.

குழாய்க்காரர் பாத்துக்குவார்னு நெனச்சீங்களான்னு கேக்கறீங்க. நெனச்சேன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். அவரு ஊர்லயே இல்லன்னு டிரைவர் காலையில போகும்போதே சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். தண்ணி நின்னா ஊரு போய்ச் சொல்றதும் அவர்கிட்டதான். புதன்கிழமையும் ஞாபகம் இருந்துச்சு. வண்டி கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க, சொன்னா சிரிப்பாங்க, வீட்டுக்குத் தெரிஞ்சா அம்மா சும்மாவே இருந்திருக்கலாம்பாங்க. அப்படியே உக்காந்து அந்தப் படத்துக்குக் கீழ போட வேண்டியத எழுதினேன். ஒரு காலத்தில் இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லைன்னு. எழுதும்போதே தெரியும், இந்த நிமிஷம் அங்க தண்ணி இல்லன்னு. வியாழக்கிழமை பிழை திருத்தி அனுப்பிட்டேன்.

எழுதியாச்சா? அப்படியே எழுதுங்க, வழவழன்னு ஆக்காதீங்க. எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா? பேனாவக் குடுங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் போறேன். ஆனா இன்னைக்கே குழாய்க்காரர்கிட்ட யாராவது போய் சொல்லிடணும் தம்பி, நீங்க டிரைவரக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் போய் நின்னு என்ன பேசறது? பத்து மாசத்துல அவங்க பாஷையில நான் கத்துக்கிட்டதே நாலு வார்த்தை. சிரிங்க, இங்க பாருங்க, கிட்ட நில்லுங்க, இன்னொரு தடவ.